பாட்டு அவருடையது, பணம் யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த சோல் இசைக் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உணர்ச்சிமிக்க பாட்டு வகை) கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் அமெரிக்கப் பாடகர் பெர்சி ஸ்லெட்ஜின் 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' பாட்டை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே!

1966-இல் அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் ஹாட் 100 (எல்லாவகைப் பாட்டுகளுக்குமானது), ஆர் அண்ட் பி (கறுப்பின இசைக்கானது) என இரண்டு தரவரிசைப் பட்டியல்களிலும் முதலிடம் பிடித்த பாட்டு அது. அலபாமாவில் மருத்துவமனை உதவியாளராக இருந்தவரின் முதல் இசைத்தட்டு. ஸ்பூனர் ஓல்டம் வாசிக்கும் ஆர்கன் இசை மெதுவாகத் தொடங்க, அந்தக் குரல் கெஞ்சுகிற கெஞ்சல் இருக்கிறதே, அதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்கக்கூட வேண்டாம்.

ஆனால் பாட்டை எழுதியவர்களாகப் பதிவானவர்கள் அவருடைய குழுவைச் சேர்ந்த கால்வின் லூயிஸும் ஆண்ட்ரூ ரைட்டும்தான். மெட்டு தன்னுடையது என்று ஸ்லெட்ஜ் பின்னாளில் சொன்னார். சொல்லி என்ன பயன்? 1987-இல் ஜீன்ஸ் விளம்பரம் ஒன்றால் இதே பதிவு பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை ஏறியது. 1991-இல் மைக்கேல் போல்ட்டன் பாடி மறுபடியும் அமெரிக்காவில் முதலிடம். எழுதியவருக்கான உரிமைத்தொகையில் ஸ்லெட்ஜுக்குப் பங்கில்லை.

பட்டியல் இடங்களைச் சொல்லும்போது இந்தக் கணக்கையும் எழுதுங்கள் சார்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்