வசந்திக்கு, ஹின்டனைப் பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததிலும் எனக்குப் பெரிய நிம்மதி. முப்பது வருஷம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துக் களைத்த கண்கள் அல்லவா!

நான் இன்னமும் வாரம் இரண்டு நாள் லேப் டெக்னீஷியன் மாணவிகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். இந்த மாதம் சீராலஜி, ரத்த சீரத்தை வைத்துச் செய்யும் சோதனைகள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான பரிசோதனைகள் எப்படி வந்தன என்று சொல்லலாமே என்று படிக்க உட்கார்ந்தேன். வில்லியம் அகஸ்டஸ் ஹின்டன் என்ற மனிதரை விட்டு நகரவே முடியவில்லை. நாம் படித்த காலத்தில் வாசர்மன் பெயரைச் சொன்னார்கள், கான் டெஸ்ட் என்றார்கள். ஹின்டன் பெயர் என் காதில் விழுந்ததே இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

1883-ல் சிகாகோவில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். 1912-ல் ஹார்வர்டில் மருத்துவம் முடித்தார். அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டும் என்று ஆசை. ஆனால் கறுப்பினத்தவர் என்பதற்காக பாஸ்டன் மருத்துவமனைகள் அவரைப் பயிற்சிக்கே எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் நோயியல் ஆய்வுக்கூடத்தில் சம்பளமில்லாமல் சேர்ந்தார். சிபிலிஸ் இருந்ததாகவோ இருக்கலாமென்றோ கருதப்பட்டவர்கள் இறந்தால், அந்த உடல்களைத் திறந்து பார்ப்பது அவர் வேலை. அந்த நோய் உள்ளே என்னவெல்லாம் செய்கிறது என்று நேரில் கண்டவர் அவர். 1915-ல் மாநிலச் சுகாதாரத் துறையின் வாசர்மன் ஆய்வுக்கூடத்துக்கே இயக்குநரானார்.

வாசர்மன் பரிசோதனை 1906-ல் வந்தது. நாம் செய்து பார்த்ததில்லை, படித்ததோடு சரி. செம்மறியாட்டு ரத்த அணு வேண்டும், கினிப் பன்றியின் சீரம் வேண்டும், ஒவ்வொன்றையும் அளவு பிசகாமல் சேர்க்க வேண்டும். ஏதாவது ஒன்று தப்பினாலும் முடிவு தப்பு. இன்னொரு சங்கடம் உனக்கே நன்றாகத் தெரியும். இந்த வகைச் சோதனைகள் கிருமியை நேராகத் தேடுவதில்லை. ஒரு கொழுப்புப் பொருளுக்கு எதிராக ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைத்தான் காட்டுகின்றன. அதனால்தான் அந்தக் கொழுப்பு உள்ள மாட்டு இதயச் சாறு ஆன்டிஜெனாக, அதாவது எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்ளும் பொருளாக, வேலை செய்கிறது. அதனால்தான் மலேரியா, தொழுநோய், சில சமயம் வெறும் கர்ப்பம்கூட ‘ரியாக்டிவ்’, அதாவது சிபிலிஸ் இருப்பதுபோல், காட்டிவிடுகிறது.

ஹின்டனை உறுத்தியது இந்தத் தப்பான ‘ரியாக்டிவ்’தான். அப்போது பென்சிலின் இல்லை. சிகிச்சை என்றால் ஆர்சனிக் ஊசி, மாதக்கணக்கில். நோயே இல்லாதவருக்கு அந்த விஷத்தை ஏற்றினால் என்ன ஆகும்? அவர் 1927-ல் வெளியிட்ட முறையில் ஆட்டு ரத்தமும் கினிப் பன்றியும் கிடையாது. மாட்டு இதயச் சாறு, கொலஸ்ட்ரால், கிளிசரின், உப்புக் கரைசல். இவற்றோடு நோயாளியின் சீரத்தைச் சேர்த்தால் திரிதிரியாகச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். செலவு குறைவு, எளிது. எல்லாவற்றுக்கும் மேலாக, தப்பான பாசிட்டிவ் குறைந்தது. 1934-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை அதை ஏற்றுக்கொண்டது.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள். நாம் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். ஏழாம் மாதக் கர்ப்பிணி, பச்சைப் புடவை. விடிஆர்எல் என்ற சிபிலிஸ் சோதனையில் ‘வீக்லி ரியாக்டிவ்’, லேசாக மட்டும். சீரத்தை நீர்த்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. உறுதி செய்ய, சிபிலிஸ் கிருமிக்கே எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் டிபிஎச்ஏ சோதனை வேண்டும், வெளியே அனுப்பினோம். முடிவு வருவதற்குள் யாரோ அவள் கணவன் கையில் முதல் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டார்கள். டிபிஎச்ஏ நெகடிவ் என்று வந்தபோது அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தாள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று நமக்குத் தெரியவே இல்லை. அன்று மதியம் நீ சாப்பிடவில்லை. “நாம எழுதின ஒரு வார்த்தை” என்று மட்டும் சொன்னாய். ஆர்சனிக் ஊசிக் காலம் எப்போதோ போய்விட்டது. இந்த நோயின் பெயரை ஒருவர் மேல் தப்பாக எழுதினால் வருகிற காயம் போகவில்லை.

1938-ல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்ஏஏசிபி தன் உயரிய விருதான ஸ்பிங்கார்ன் பதக்கத்தை ஹின்டனுக்குத் தர முன்வந்தது. வேண்டாமென்று சொல்லிவிட்டார். கண்டுபிடித்தவர் கறுப்பர் என்று பரவலாகத் தெரிந்தால் தன் பரிசோதனையை மருத்துவர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். தன் பெயரைவிட அந்தச் சோதனை நாலு பேருக்குப் பயன்படுவதைப் பெரிதாக நினைத்திருக்கிறார். இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன், வசந்தி. அவருடைய சோதனையை ஏற்றுக்கொண்ட அதே பொதுச் சுகாதாரச் சேவை, அதே ஆண்டுகளில், அலபாமாவின் டஸ்கீகியில் நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்கு சிபிலிஸ் இருப்பது தெரிந்தும் அதை அவர்களிடம் சொல்லாமல், சிகிச்சையும் தராமல் வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பிறகும் நிறுத்தவில்லை. 1932-ல் தொடங்கியது 1972 வரை நடந்தது. சரியான ரிப்போர்ட் கையில் இருந்தும் இப்படிச் செய்தார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஹின்டன் 1936-ல் சிபிலிஸ் பற்றி ஒரு பாடநூல் எழுதினார். இந்த நோய்க்கும் இனத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள், வறுமையைப் பாருங்கள் என்பது அவர் கருத்து. 1940-ல் கார் விபத்தில் ஒரு காலை இழந்தார். வேலையை விடவில்லை. ஹார்வர்டில் இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவரை 1949-ல்தான் பேராசிரியர் ஆக்கினார்கள். அடுத்த வருஷம் ஓய்வு. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினப் பேராசிரியர் அவர்தான்.

உனக்குப் பிடிக்கும் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். பாஸ்டனில் பெண்களை லேப் டெக்னீஷியன்களாகப் பயிற்றுவிக்க ஒரு வகுப்பு தொடங்கினார். படித்து முடித்தவர்களுக்கு மருத்துவமனைகளில் வேலை கிடைத்தது. நம் மாதிரிப் பெண்கள் வெள்ளைக் கோட்டு போட்டு நின்றதற்கு அவரும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது.

இதையெல்லாம் போன வாரம் வகுப்பில் சொன்னேன். அந்தப் பச்சைப் புடவைப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் கேட்டாள்: “வீக்லி ரியாக்டிவ்வா, நான்ரியாக்டிவ்வான்னு சந்தேகமா இருந்தா எப்படி மேடம் முடிவு பண்ணுவீங்க?” என் பதில் எனக்கே போதவில்லை. நீ லைட்டைக் குறைத்து, ஸ்லைடை ஒரு மயிரிழை சாய்த்து, அந்தச் சின்னத் திரிகளைப் பார்ப்பாயே, அதை என்னால் சொல்லிக் காட்ட முடியவில்லை. கண் நன்றாக ஆறியதும் ஒரு நாள் வகுப்புக்கு வருகிறாயா? முடிவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சீரம் மூன்றும் எடுத்து வைக்கிறேன். தேதியை மட்டும் எழுது.

அன்புடன்,
சாரதா