புரோட்டானும் மேடை ஏறட்டும்: பேச்சுப் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

மொரிஷியஸில் தமிழ்ப் பேச்சுப் போட்டி நடத்துவது லேசான வேலை இல்லை. வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்று வளரும் பிள்ளைகளைத் தமிழில் பேச வைக்கிறீர்கள், நன்றி. ஆனால் என் அக்கா மகள் கொடுத்த தலைப்பை, "இதெல்லாம் நமக்கு எதுக்கு, பொங்கலோ காவடியோ பேசச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினீர்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

அவள் தலைப்பு, "புரோட்டான் எவ்வளவு பெரிது?"

ஹைட்ரஜனில் ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான், அவ்வளவுதான். இத்தனை எளிய அணு என்பதால் அதன் ஆற்றல் நிலைகளைக் கோட்பாடு மிக நுணுக்கமாகக் கணக்குப் போட்டுத் தந்துவிடும். அளந்து பார்த்து ஒத்துவரவில்லை என்றால் எங்கோ இடிக்கிறது. 1947-ல் லாம்ப், ரெதர்ஃபோர்டு என்ற இரண்டு இயற்பியலாளர்கள், கோட்பாட்டாளர் டிராக்கின் கணக்குப்படி ஒன்றாக இருக்க வேண்டிய இரண்டு நிலைகள் சற்றே விலகியிருப்பதைக் கண்டது இப்படித்தான். 2011-ல் ஜெர்மனியின் கார்ஷிங்கில் ஹைட்ரஜனின் எலெக்ட்ரான் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அதிர்வெண்ணை லேசரால் அளந்தார்கள்: 2466061413187035 ஹெர்ட்ஸ், பிழை வெறும் 10 ஹெர்ட்ஸ். அந்த எண்ணை, நடுவில் "கோடி" இரண்டு தடவை வந்தும் தடுமாறாமல், ஒரே மூச்சில் தமிழில் சொல்கிறாள் இந்தப் பெண். உங்கள் நடுவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

அப்புறம்தான் கதையே. புரோட்டானின் பருமனும் இந்த நிலைகளைத் துளி நகர்த்தும், அதனால் நிலைகளை அளந்தே புரோட்டானின் ஆரத்தைக் கண்டுபிடிக்கலாம். 2010-ல் சுவிட்சர்லாந்தில் எலெக்ட்ரானுக்குப் பதிலாக அதைப் போன்றதே, ஆனால் 207 மடங்கு கனமான மியூயான் என்ற துகளை வைத்துப் பார்த்தார்கள். அது புரோட்டானை ஒட்டியே இருப்பதால் புரோட்டானின் பருமன் அதற்கு நன்றாகவே உறைக்கும். வந்த ஆரம் 0.84 ஃபெம்டோமீட்டர் (ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), அதுவரை நம்பியிருந்ததோ 0.88. புது விசை ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றுகூடக் கேட்டார்கள். சாதாரண ஹைட்ரஜனில் 2017-ல் கார்ஷிங்கில் சின்ன எண், 2018-ல் பாரிஸில் பழைய பெரிய எண், 2019-ல் டொராண்டோவில் மறுபடி சின்னது. இன்று சின்ன எண்ணின் பக்கம்தான் தராசு சாய்ந்திருக்கிறது. பட்டிமன்றத்துக்கே இதைவிட நல்ல சண்டை கிடைக்காது!

1998-ல் நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் ஒரு வரி கீழே இறங்கியதற்கு நம்மவர் எழுப்பிய குரலில் அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. நோட்டில் தமிழ் எங்கே நிற்கிறது என்று அவ்வளவு பார்த்த நாம், பிள்ளை வாயில் அது எதைப் பேசலாம் என்பதில் மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

சரி, நடுவர்களுக்கு இயற்பியல் தெரியாது என்பதுதான் சிக்கல் என்றால், தமிழ் தெரிந்த அறிவியல் ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தலைப்பைத் திரும்பச் சேருங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு போட்டு முடித்துவிடாதீர்கள்.