மகமையும் மூட்டைக் கூலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறைநம்பிக்கையோடு தொழில் நடத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாமி கும்பிடுகிற முதலாளியிடம் நேர்மை தானாக வந்துவிடும் என்கிற தொனி அதில் இருந்தது. விருதுநகரில் 40 ஆண்டுகள் பருப்பு மண்டி வைத்திருந்தவன் நான். என் அனுபவத்தில் அது பாதிதான் சரி.

எங்கள் கடையில் கல்லாவுக்கு மேல் ஆறு சாமி படங்கள் மாட்டியிருக்கும். பிள்ளையார் சுழி போடாமல் சிட்டையில் ஒரு பக்கமும் தொடங்காது. தானியம் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு "ஒன்று" என்று சொல்லும் வழக்கமில்லை, "லாபம்" என்றுதான் எண்ணுவார்கள். இதையெல்லாம் பக்தி என்று சொன்னால் ஊரில் பக்தி இல்லாத கடையே கிடையாது.

நான் மதிப்பது மகமையை. வண்டிகள் வந்து தங்கும் பேட்டைகளைப் பராமரிக்க வியாபாரிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட வரி அது. மூட்டைக்கு இவ்வளவு என்று, ஊரில் உள்ள சமூகச் சங்கமான உறவின்முறைக்குக் கட்டிவிட வேண்டும். லாபமா நஷ்டமா என்று பார்த்துக் கொடுக்கிற நன்கொடை இல்லை. சரக்கு கைமாறினால் மகமை எழுதியாக வேண்டும். எழுதாதவனை மற்றவர்கள் சும்மா விடமாட்டார்கள். அந்தப் பணத்தில்தான் இங்கே சத்திரிய வித்தியாசாலை நடந்தது. வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்த பிடியரிசியும் அதற்குச் சேர்ந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. நாலு பேர் நல்லவர்களாக இருந்ததால் மட்டும் அந்தப் பள்ளி நிலைக்கவில்லை. நல்லவனாக இல்லாதவனும் கொடுத்தே தீர வேண்டும் என்று ஏற்பாடு இருந்ததால் நிலைத்தது. உங்கள் கட்டுரையாளர் இந்தப் பக்கமே வரவில்லை.

இனி என் வீட்டுக் கதை. என் அப்பா மகமையில் ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை. சாயங்காலம் கடை அடைக்கும் முன் அதைத் தனியாக எண்ணி வைத்தால்தான் அவருக்கு அடுத்த வேலை ஓடும். அதே அப்பா, லாரியிலிருந்து 103 மூட்டை இறங்கினால் 100 மூட்டைக்குத்தான் கூலி போடுவார். மூன்று மூட்டை "சில்லறை". லோடுமேன்கள் முனகிக்கொண்டே வாங்கிப் போவார்கள். ஒருநாள் அதில் வயதான ஒருவர் என்னிடம், "சாமிக்குக் கணக்கு சரியா இருக்கு தம்பி, எங்களுக்குத்தான் குறையுது" என்றார். எனக்கு அப்போது 22 வயது. அப்பாவிடம் கேட்கத் தைரியம் இல்லை. கடை என் கைக்கு வந்த பிறகுதான் அந்தச் சில்லறையை நிறுத்தினேன். அதிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை, 11 ஆண்டுகள் தாமதம்.

இது என் அப்பாவோடு போகிற குறையும் இல்லை. கடல் கடந்து லேவாதேவி, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில், செய்த நகரத்தார் என்கிற செட்டியார்களும் மகமை எடுத்தவர்கள்தான். போன இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859இல் எழுந்தது. கணக்கில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் 1930களில் நெல் விலை சரிந்தபோது கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கைக்கு வந்த நிலம் 6 சதவீதத்திலிருந்து ஏழெட்டு ஆண்டுகளில் 25 சதவீதம் அளவுக்கு ஏறியது. நிலம் வேண்டும் என்று அவர்கள் போகவில்லை, கொடுத்த கடனுக்கு வந்தது. பிறகு யுத்தத்திலும் அதன் பின்னும் அதையெல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்வது என் நோக்கமில்லை. லாபத்தில் சாமிக்குப் பங்கு ஒதுக்கியாகிவிட்டது என்ற நிம்மதியில், அந்த லாபம் யார் வயலிலிருந்து வந்தது என்ற கேள்வி எழாமலே போய்விடும் என்பதற்காகச் சொன்னேன்.

இதற்கு மாற்றாக ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், எங்கள் கரிசல் பக்கத்தில் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமியைத்தான் சொல்வேன். முடக்குவாதத்தில் கை விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களோடு கண் அறுவை சிகிச்சை பழகி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 58 வயதில், 1976இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரின் பக்தர். பெயரே அதைச் சொல்கிறது. ஆனால் அவருடைய பக்தி, செலவு போக மிஞ்சியதில் தர்மம் செய்வதாக நின்றுவிடவில்லை, வேலை நடக்கும் விதத்துக்குள்ளேயே புகுந்தது. பணம் கட்டுகிறவருக்கும் கட்டாதவருக்கும் அதே மருத்துவர்கள்தான் முறை மாற்றி அறுவை செய்தார்கள். அறையிலும் படுக்கையிலும் வித்தியாசம் உண்டு, கண்ணில் கிடையாது. ஒரு நோயாளிக்கு முடித்த மருத்துவர் திரும்பினால் பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். ஒரு நிமிடம் வீணாகாது. மண்டிக்காரனான எனக்கு இது நன்றாகவே புரியும், சரக்கு தேங்காமல் ஓடினால் விலையைக் குறைக்கலாம். கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கிற, 100 டாலருக்கு மேல் விற்ற வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாதபோது, 1992இல் ஆரோலேப் என்ற சொந்தத் தயாரிப்புக்கூடத்தைத் தொடங்கி இங்கேயே செய்து, விலையைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இலவசம் என்பதற்காகத் தரத்தில் சில்லறை பிடிக்கவில்லை. அப்பாவின் அந்த மூன்று மூட்டை எனக்கு நினைவுக்கு வருவது இங்கேதான்.

எனவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பக்திமானான முதலாளி ஒருவரைப் பேட்டி எடுக்கும்போது, அவருடைய லோடுமேனையும் வாட்ச்மேனையும் பத்து நிமிடம் தனியாகப் பேச விடுங்கள். பூஜை அறையைப் படம் பிடிக்கிற நேரத்தில் சம்பளப் பட்டியலைப் பார்க்கலாம். கடன் வாங்கிய சிறு வியாபாரி நொடித்தபோது அவர் என்ன செய்தார் என்றும் கேட்கலாம்.

கடையை இப்போது என் மகன் பார்க்கிறான். மகமையை விடாதே என்று சொன்னேன். பில் போடும் கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மென்பொருள்காரப் பையனிடம் கேட்டிருக்கிறான். "இது எந்த ஜிஎஸ்டி சிலாப்பில் வரும் சார்?" என்று கேட்டானாம் அந்தப் பையன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பருப்பு மண்டி வியாபாரி,
விருதுநகர்.