மூன்றாவது தடவை திருப்பி அனுப்பிய பிறகு

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியது இன்னும் காதில் இருக்கிறது. வீடு மாறியதால் வங்கியில் முகவரியை மாற்றப் போனாய். மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லத் தொடங்கியவள், இரண்டு நிமிடத்தில் "இந்த ஊர் ஆட்களே இப்படித்தான்ப்பா" என்று வந்து நின்றாய். ஒரு கவுண்டரில் தொடங்கி ஒரு நாட்டையே சுற்றிவர இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத ஒரு கடிதம் வேண்டாம், அதை உன் அம்மா போனிலேயே சொல்லிவிட்டாள்.

புது நாட்டுக்கு வாழப் போகிறவர்களுக்கு வரும் இந்தத் தடுமாற்றத்தைக் கல்ச்சர் ஷாக் என்பார்கள். அந்தப் பேச்சைப் பரப்பியவர் காலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர். 1954-இல் ரியோ டி ஜெனீரோவில் ஒரு மகளிர் மன்றத்தில் பேசியபோது, அதை ஒரு நோயைப் போலவே விவரித்தார்: காரணம் உண்டு, அறிகுறி உண்டு, குணமாகும் வழியும் உண்டு. பழகிய குறிகள் எல்லாம் ஒரேயடியாகக் காணாமல் போவதுதான் காரணம். எப்போது கைகுலுக்குவது, யாருக்கு எவ்வளவு டிப்ஸ் வைப்பது, ஒருவர் வீட்டுக்கு வா என்றால் நிஜமாகக் கூப்பிடுகிறாரா வாய்வார்த்தைக்குச் சொல்கிறாரா... இதெல்லாம் சொந்த ஊரில் யோசிக்காமல் நடக்கும். அங்கே ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. வலது கைப் பழக்கம் உள்ளவளை நாள் முழுக்க இடது கையால் எழுதச் சொன்ன மாதிரி. சாயங்காலம் கை வலிக்கும், எந்த எழுத்தால் வலித்தது என்று சொல்ல முடியாது.

அவர் கொடுத்த அறிகுறிப் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும், பிறகு கொஞ்சம் சுருக்கென்றும் இருக்கும். அடிக்கடி கை கழுவுவது, குடிக்கும் தண்ணீர் மேலும் படுக்கை விரிப்பு மேலும் சந்தேகம், எங்கோ வெறித்துப் பார்ப்பது, சின்னத் தாமதத்துக்குப் பெரிய கோபம், எல்லோரும் ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்ற பயம், ஒரு சின்னப் பருவுக்கும் பதறுவது, உள்ளூர் மொழியைக் கற்க மாட்டேன் என்று அடம். இதில் உனக்கு எத்தனை பொருந்துகிறது என்று நீயே எண்ணிப்பார். எனக்குச் சொல்ல வேண்டாம்.

எத்தனை மாதம் இப்படி இருக்கும் என்று கேட்டாய். கல்வி உதவித்தொகையில் அமெரிக்கா போன நார்வேக்காரர்களை ஆராய்ந்து ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் 1955-இல் எழுதினார்: 6 மாதத்துக்குக் குறைவாகவும் 18 மாதத்துக்கு மேலாகவும் இருந்தவர்களைவிட, இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். உனக்கு இது ஏழாவது மாதம். ஆனால் இதைப் பஞ்சாங்கம் மாதிரி நம்பாதே. நியூசிலாந்தில் படித்த ஜப்பானிய மாணவர்களைப் பின்தொடர்ந்து 1998-இல் வெளிவந்த ஆய்வில், போய் இறங்கியபோதுதான் மனக்கஷ்டம் உச்சத்தில் இருந்தது. உன் ரூம்மேட்டுக்கு முதல் மாதமே முடிந்துபோனது உனக்கு ஏழாம் மாதம் வரலாம். அவள் கெட்டிக்காரி, நீ சோப்ளாங்கி என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

இனி அந்தக் கவுண்டருக்கு வருவோம். வீட்டு ஒப்பந்தம் ரூம்மேட் பெயரில் இருக்கிறது. கரண்ட் பில்லும் அவள் பெயரில். நீ போனில் இருந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினாய், கவுண்டரில் இருந்தவர் முடியாது என்று தலையை ஆட்டினார், "ஏன் ஏற்க மாட்டீர்கள்?" என்று கேட்டாய். சிக்கல் அந்தக் கேள்வியில்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் எந்த அதிகாரமும் இருக்காது. திரையில் ஒரு பட்டியல் இருக்கும், அதில் இருப்பதைத்தான் ஏற்க முடியும். ஏன் என்று கேட்டால், அவர் போடாத விதிக்கு அவர் வாதாட வேண்டியிருக்கிறது. குரல் உயரும், முகம் இறுகும், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். "என்ன கொண்டுவந்தால் ஏற்பீர்கள்? அந்தப் பட்டியலைக் காட்ட முடியுமா?" என்று கேள். பதில் வந்ததும், "குறைவதை இந்தத் தாளில் எழுதித் தாருங்கள்" என்று ஒரு தாளை நீட்டு. எழுதித் தந்தால் அடுத்த முறை வேறு ஆள் இருந்தாலும் பேச்சு அங்கிருந்து தொடங்கும். தர மறுத்தால் நீயே அவர் எதிரில் தேதி, நேரம், சொன்னது மூன்றையும் எழுதி, "சரிதானே?" என்று வாசித்துக் காட்டு.

காகிதங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபைலில் அசலும் இரண்டிரண்டு நகலும் எப்போதும் இருக்கட்டும். முகவரிச் சான்று பல இடங்களில் கடந்த மூன்று மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும். பழையதைக் கொண்டுபோய்த் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், முழுப் பக்கத்தையும் பிடிஎஃப்ஆக இறக்கி அச்செடு. பெயர் எல்லாத் தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டலிலும் ஒரே வரிசையிலும் இருக்கிறதா என்று பார். உன் பெயரும் குடும்பப் பெயரும் ஒரு தாளில் இடம் மாறியிருந்தால், கணினி உன்னை இரண்டு பேராகத்தான் பார்க்கும். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறுவதும் அதே வகைத் தொல்லை. மாதத்தை எழுத்தில் எழுதினால் அந்தச் சண்டை வராது.

ஒரு நாளைக்கு இந்த மாதிரி ஒரு வேலைதான். காலையில், சாப்பிட்டுவிட்டு. கவுண்டருக்குப் போன அன்றே அந்த மொழியில் போன் செய்து இணைய இணைப்பை மாற்றுவேன் என்று கிளம்பாதே. நேரம் மிச்சம் இருக்கும், ஆனால் தலை ஓடாது. போன் பேசுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம், ஏனென்றால் முகமும் கையும் தெரியாது. முதல் இரண்டு வாக்கியத்தை எழுதிவைத்துக்கொண்டு டயல் செய். வாடிக்கையாளர் எண்ணை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து எழுதி வைத்துக்கொள். "மெதுவாகச் சொல்லுங்கள்", "நான் புரிந்துகொண்டது சரியா என்று சொல்லிப் பார்க்கிறேன்", "இதை மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா", இந்த மூன்றும் அவர்கள் மொழியில் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

மொழி இன்னும் வரவில்லையே என்று நொந்துகொள்கிறாய். ஆங்கிலம் பேசும் தன் தூதரக அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழியோ அரபு மொழியோ சொல்லித்தர அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் ஒதுக்கும் நேரம் சுமார் 2,200 வகுப்பு மணி, 88 வாரம். அவர்களுக்கு அது முழுநேர வேலை, சம்பளமும் உண்டு. நீ வேலை முடிந்து அரைமணி படிக்கிறாய். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உன்னைத் திட்டிக்கொள்.

அடுத்தது, அந்த இரண்டு நிமிடத்தை நீட்டும் வழி. ஒரு நோட்டில் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள். முதல் பத்தியில் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும். இரண்டாவதில் அதற்கு நீ கொடுத்த அர்த்தம். மூன்றாவதில் வேறு என்னவாக இருக்கலாம், குறைந்தது இரண்டு. "மேலாளர் அவமானப்படுத்தினார்" என்பது முதல் பத்தியில் வரக் கூடாது, அது அர்த்தம். முதல் பத்தியில் வர வேண்டியது: "நான் பதினைந்து வரியில் அனுப்பிய மெயிலுக்கு 'சரி, செய்யவும்' என்று பதில். வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை." இரண்டாவதில்: "என்னை மதிக்கவில்லை." மூன்றாவதில்: "எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுகிறாரா? சுருக்கமாக எழுதுவதுதான் அங்கே மரியாதையோ?" இதில் முதலாவதைச் சரிபார்க்க வழி இருக்கிறது: அவர் மற்றவர்களுக்கு அனுப்பிய மெயில்களில் உனக்கு நகல் வந்தது நாலைந்து இருக்கும், எடுத்துப் பார். எல்லோருக்கும் ஒரே வரி என்றால் விஷயம் முடிந்தது. உனக்கு மட்டும்தான் அப்படி என்றால் அது வேறு விஷயம், அதற்குக் கீழே வருகிறேன். மூன்றாவது பத்தி சும்மா கிடந்தால் பிரயோஜனம் இல்லை, அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் வாரத்துக்கு ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். "இது வழக்கமா?" என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். "நீங்கள் ஏன் இப்படி?" என்றால் வாயை மூடிக்கொள்வார்கள்.

நம்மூர் ஆட்களோடு சேர்ந்து அந்த ஊரைத் திட்டும் கூட்டத்தைப் பற்றி ஓபெர்க்கே எச்சரித்திருக்கிறார். திட்டத் திட்ட மனம் லேசாவது போல இருக்கும். ஆனால் ஒவ்வொருவர் கதையும் அடுத்தவருக்குச் சாட்சியாகி, கடைசியில் யாரும் தனியாகப் பார்த்திராத ஒரு பொல்லாத நாடு அங்கே உருவாகிவிடும். அவர்களைவிட்டு விலகச் சொல்லவில்லை. எந்தப் படிவம், எந்த அலுவலகம், எந்த மருத்துவர் என்று அவர்களைப் போலச் சொல்லித்தர ஆளில்லை. குறை சொல்லி முடித்த பிறகு "அதை எப்படிச் சரிசெய்தீர்கள்?" என்று கேள். பதில் சொல்கிறவரோடு பழகு. "இங்கே எதையும் சரிசெய்ய முடியாது" என்கிறவரிடம் நல்லது கெட்டதுக்கு மட்டும் போதும்.

உள்ளூரில் ஒரு நட்பும் இல்லை என்றாய். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் ஓரளவு நண்பராகவே சுமார் 50 மணிநேரம் சேர்ந்திருக்க வேண்டும். நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். வாரம் இரண்டு மணிநேரம் போகும் வகுப்பில் அந்த 50-ஐ எட்டவே 25 வாரம். நீ மூன்று வாரம் ஓவிய வகுப்புக்குப் போய் யாரும் பேசவில்லை என்று நின்றுவிட்டாய், ஆறு மணிநேரத்தில். ஒவ்வொரு வாரமும் புது நிகழ்ச்சிக்குப் போகிறவளுக்கு எப்போதும் முதல் நாள்தான். ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே ஆட்கள் என்று ஒன்றைப் பிடித்து ஆறு மாதம் விடாமல் போ. பேச்சு வராவிட்டால் நாற்காலி எடுத்துப் போடு, முடிந்ததும் அடுக்கிவை. கூடச் சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்குப் பேச்சு தானாக வரும்.

எங்களை அழைப்பதைப் பற்றி. அழு, திட்டு, எதுவும் சொல், கேட்கத்தான் இருக்கிறோம். ஆனால் கவுண்டரிலிருந்து வெளியே வந்த ஐந்தாவது நிமிடம் வேண்டாம். அப்போது நீ கொதிக்கிறாய், நாங்கள் பதறுகிறோம், அந்தப் பதற்றம் உன்னிடமே திரும்பி வருகிறது. முதலில் இருபது நிமிடம் நட, பிறகு அந்த நோட்டில் முதல் பத்தியை எழுது, பிறகு அழை. நாள் முழுக்க வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பழக்கத்தையும் விடு. அதனால் நீ அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

இதைக் கவனமாகப் படி. நடக்கும் எல்லாவற்றையும் கல்ச்சர் ஷாக் என்று விழுங்கிவிடாதே. சம்பளத்தைப் பிடித்து வைப்பது, நிறத்தையோ மொழியையோ வைத்து இழிவாகப் பேசுவது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது, தொடக் கூடாத இடத்தில் தொடுவது, இவை எந்த ஊரிலும் வழக்கம் ஆகாது. அப்படி நடந்தால் அந்த நோட்டே உனக்குச் சாட்சி: தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள் அப்படியே, கூட இருந்தவர் யார். மெயில்களின் நகலை உன் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள். பிறகு அலுவலகத்தின் மனிதவளப் பிரிவு, தொழிலாளர் துறை, தேவையானால் காவல் துறை, நம் தூதரகம். "நான்தான் அதிகமாக எடுத்துக்கொள்கிறேனோ" என்று நீயே தீர்ப்புச் சொல்லாமல் ஒரு ஆளிடமாவது வாய்விட்டுச் சொல்.

உடம்பையும் பார்த்துக்கொள். அங்கே இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்றாய். குளிர்காலத்தில் வெளிச்சக் குறைவாலேயே மனம் சோர்ந்துபோவது 1984 முதல் மருத்துவத்தில் பெயரோடு பதிவாகியிருக்கிறது. காலையில் அரைமணி வெளியே நட. அது முடியாதென்றால் 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தரும் விளக்கு என்று விற்கிறார்கள். காலையில் அரைமணி எதிரில் உட்கார வேண்டும், சாயங்காலம் போட்டால் தூக்கம் கெடும். கண்ணில் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதே. தூக்கம், பசி, எதிலாவது ஆசை, இவை இரண்டு வாரம் தொடர்ந்து கெட்டிருந்தால் ஊர் பழகாத கஷ்டம்தான் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போ. உயிரை விட்டுவிடலாமா என்று ஒரு தடவை தோன்றினாலும் அன்றைக்கே அந்த ஊர் அவசர எண்ணைக் கூப்பிடு, எங்களையும் எழுப்பு. நள்ளிரவு என்று பார்க்காதே.

திரும்பி வந்துவிடவா என்றும் கேட்டாய். வரலாம், கதவு திறந்தேதான் இருக்கிறது. கவுண்டரில் அழுத வாரத்தில் மட்டும் அதை முடிவு செய்ய வேண்டாம். மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறி. அன்றைக்கு என்னென்ன மாறியிருந்தால் இருப்பது, எவை மாறாவிட்டால் கிளம்புவது என்று இன்றே எழுதி மடித்து வை. அந்தத் தேதியில் பிரித்துப் பார்த்து நீ கிளம்புவதாக முடிவு செய்தால், விமான நிலையத்தில் யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்க மாட்டோம். அம்மா கேட்பாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை வங்கிக்குப் போவதாகச் சொன்னாய். முகவரிச் சான்றாக உன் அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்க இரண்டு நாளாவது ஆகும், அதனால் திங்கள் காலையே கேட்டுவிடு. கையில் வாங்கும்போதே முகவரி, தேதி, கையெழுத்து, முத்திரை நாலும் இருக்கிறதா என்று பார். புது வீட்டு எண்ணுக்குப் பதிலாகப் பழைய பதிவில் இருக்கும் எண்ணை எடுத்துப் போட்டுவிடப் போகிறார்கள், அதையும் பார்.

அன்புடன்,
அப்பா