1689-இல் முடிந்த கதையா?

ஆசிரியருக்கு வணக்கம். முடியாட்சிகள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 1689-இல் உரிமைகள் சட்டம் நிறைவேறியதுமே இங்கிலாந்து மன்னரின் தனியதிகாரம் ஒழிந்துவிட்டது என்கிறது. அவ்வளவு சீக்கிரம் எந்த மன்னரும் இறங்கிவிடவில்லை. அவரை இறக்கியது சட்டத்தைவிடப் பணம்தான். முதலாம் சார்லஸ் 1629 முதல் 11 ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். ஸ்காட்லாந்துடன் போர் மூண்டு கஜானா காலியானதும் 1640-இல் கூட்டியே ஆகவேண்டி வந்தது. நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி வரியும் இல்லை, அமைதிக் காலப் படையும் இல்லை என்று 1689 சட்டம் கட்டிப்போட்டதும் இதுபோன்ற அனுபவங்களால்தான். அப்புறமும் மன்னர்கள் சும்மா இருந்தார்களா? ராணி ஆன் 1708-இல் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தார். நான்காம் வில்லியம் 1834-இல் பிரதமர் மெல்போர்னின் அரசையே நீக்கினார். ஆனால் புதிய பிரதமர் பீலுக்குத் தேர்தலில் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே மெல்போர்ன் திரும்பினார். அதன்பின் எந்த மன்னரும் அதற்குத் துணியவில்லை.

வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாணவர்கள் 1689 என்று டக்கென்று சொல்வார்கள், 1834 என்றால் விழிப்பார்கள். எனவே இந்த இடைப்பட்ட காலத்தைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடலாம். 1998-இல் மன்னரே நிர்வாகத்தை அமைச்சரவையிடம் ஒப்படைத்து, 2008-இல் அரசியலமைப்புக்கு வந்த பூட்டானையும் அதில் ஒப்பிட்டால் நல்லது.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்