தலையில் அடிபட்டோரின் மறுவாழ்வுக்காக வேலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
விபத்தில் தலையில் அடிபட்டு வீட்டில் பராமரிக்கப்படுவோரின் குடும்பத்தார்,
(பெயர், முகவரி, கையொப்பங்கள் இணைப்பில்)
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: விபத்தில் மூளைக் காயம் அடைந்தோருக்கு வட்ட அளவில் பகல்நேர மறுவாழ்வு மையம், வீடு தேடி வரும் தொடர் பயிற்சி, உரிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவை வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை நம் மாவட்டத்தின் நடுவே போகிறது. வேலைக்கும் சந்தைக்கும் இருசக்கர வண்டியில் அதைக் கடந்துபோகிறவர்கள் நாங்கள். அடிபட்டவரைக் காப்பாற்றுவதில் அரசு செய்திருப்பது பெரிய காரியம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருந்ததால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தாலியைக் கழற்றி அடகு வைக்கும் நிலை எனக்கு வரவில்லை. 108 வந்தது, ஸ்கேன் எடுத்தார்கள், மூளையில் கட்டியிருந்த ரத்தத்தை அகற்றினார்கள். என் வீட்டுக்காரர் இன்று உயிரோடு இருக்கிறார். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். நாங்கள் கேட்பது அந்த 48 மணி நேரத்துக்கு அப்புறம் வரும் வருஷங்களைப் பற்றி.

மூளை வீங்கினால் இடம் வேண்டும் என்று மண்டையோட்டின் ஒரு பக்க எலும்பை எடுத்து, அதை அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்து அனுப்பினார்கள். சில மாதம் கழித்து மறுபடி பொருத்தினார்கள். அதுவரை அவர் அந்தப் பக்கம் புரண்டு படுத்துவிடக் கூடாதே என்று நானும் என் மாமியாரும் ராத்திரியில் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். இப்போது எலும்பு பொருந்திவிட்டது, தழும்பை முடி மூடிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் “நல்லாயிட்டாரே” என்கிறார்கள்.

நல்லாகவில்லை. அவர் கைத்தறி நெசவாளி. குடியாத்தம் கைலி நெய்து வளர்ந்த கை. தறியில் உட்கார வைத்தால் நாடா ஓடுகிறது, கால் மிதிக்கிறது. ஆனால் கட்டம் போட்ட கைலிக்குச் சிவப்பு இத்தனை இழை, நீலம் இத்தனை இழை என்று எண்ணி ஊடையை மாற்ற வேண்டும். அந்த எண்ணிக்கை அவரிடம் நிற்பதில்லை. பாதியில் எங்கே விட்டோம் என்று தெரியாமல் துணியையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் யாராவது பேசினால் கோபம் வந்து தறியை உதைப்பார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் உதைத்ததே நினைவில் இருக்காது. அடிபடுவதற்கு முன் பிள்ளைகளைக்கூட அதட்டிப் பேசாதவர் அவர்.

இது சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. மூளையின் முன்பக்கம் அடிபட்டால் திட்டமிடுவதும் கோபத்தை அடக்குவதும் கெடும் என்றும், சட்டென்று களைப்பு வருவதும் மனச்சோர்வும் தூக்கம் கெடுவதும் இந்தக் காயத்தின் பகுதிதான் என்றும் மருத்துவர்கள் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. பலருக்கு வலிப்பும் வருகிறது. நம் ஊரில் இதை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை. நாக்கு குழறிப் பேசி, தள்ளாடி நடப்பவரைக் கண்டால் குடித்திருக்கிறார் என்றே நினைக்கிறார்கள். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தாய், ஷூ கம்பெனியில் வேலை பார்த்த தன் மகனைப் பேருந்திலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டார்கள் என்று சொல்லி அழுதார். அவன் வாழ்நாளில் குடித்ததே இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, இயன்முறைப் பயிற்சியும் தருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் தங்கச்சி அன்பானவர். அவர் கை காலை நீட்டி மடக்கச் சொல்லித் தருவார். ஞாபகத்துக்கும் பேச்சுக்கும் என்ன பயிற்சி என்று கேட்டால், அதற்குத் தனக்குப் பயிற்சி தரவில்லை என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். சட்டை போட, சமைக்க, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்க மறுபடி பழக்குவதற்குச் செயல்முறைப் பயிற்சியாளர் வேண்டும். வார்த்தை வராதவருக்கும், விழுங்கும்போது புரையேறுகிறவருக்கும் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். முதல் மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்குமாம். அந்த மாதங்கள்தான் எங்களுக்கு ஒன்றும் புரியாமல் வீட்டுக்குள்ளேயே போய்விடுகின்றன.

இத்தனைக்கும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு இந்தியாவே திரும்பிப் பார்த்த ஊர் நம் வேலூர். 1954-ல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் இங்கேதான் பணியாற்றினார். பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் 1966-லேயே தொடங்கியது. ஆனால் எவ்வளவு நல்ல மையமானாலும் ஒருவரை வருஷக்கணக்கில் படுக்கையில் வைத்துக்கொள்ள முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சிக்காகப் பீஞ்சமந்தை மலையிலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வருவதென்றால், கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. அதனால் கொஞ்ச நாளில் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள், குடியாத்தத்தில் ஒரு பகல்நேர மையம். புதுக் கட்டடம் கேட்கவில்லை. பயன்பாட்டில் இல்லாத அரசுக் கட்டடம் ஒன்றில், கழிப்பறைக்கு ஒரு சாய்தளமும் கைப்பிடியும் வைத்து, வாரத்தில் சில நாள் திறந்தால் போதும். செயல்முறைப் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர், மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஓர் உளவியலாளர் ஆகியோர் முறை வைத்து வரட்டும். அங்கே ஒரு தறியும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இழைக் கணக்கை எழுதி முன்னால் மாட்டி, ஒரு நிறம் முடிந்ததும் அடையாளம் வைக்கச் சொன்னால் என் வீட்டுக்காரர் ஓரளவு நெய்கிறார். இதை வீட்டில் நாங்களாகவே கண்டுபிடித்தோம். தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுத்தால் இன்னும் எவ்வளவோ செய்வார். குடியாத்தத்தில் நன்றாக நடந்தால் அணைக்கட்டுக்கும் கே.வி.குப்பத்துக்கும் கொண்டுபோகலாம்.

அடுத்தது, மருத்துவமனையிலிருந்து அனுப்பும் அன்றே அவருடைய விவரம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்களுக்குத் தலைக்காயம் பற்றித் தனிப் பயிற்சி தர வேண்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீடுகளில் யாராவது பொறுமையாக உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அடையாள அட்டை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. மூளைக் காயம் என்று தனியாக ஒன்று இல்லை. அட்டைக்கான மருத்துவ முகாமுக்குப் போனால் கையைப் பிடித்துப் பார்த்து, நடக்கச் சொல்லி, “கை கால் நல்லாத்தானே இருக்கு” என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை, மூளைப் பாதிப்பால் பேச்சும் மொழியும் நிரந்தரமாகக் கெடுவதைக் குறைபாடாக ஏற்கிறது. சிந்தனை, மனநிலை, நினைவாற்றல் ஆகியவை பெரிதும் கெடுவதையும் இன்னொரு வகையில் ஏற்கிறது. வழி இருக்கிறது, அளந்து பார்க்க ஆள்தான் இல்லை. நினைவாற்றலையும் நடத்தையையும் சோதிக்கத் தெரிந்தவர் முகாமில் இருக்க வேண்டும். குறைபாடு 40 சதவீதமாவது இருக்கிறது என்ற சான்று இல்லாமல் எங்களுக்கு எதுவும் நகர்வதில்லை. நகரப் பேருந்தில் பெண் என்பதால் எனக்கு டிக்கெட் இல்லை. அட்டை இருந்தால் அவருக்கும் இல்லை. இப்போது சம்பாதிக்க முடியாத அவருக்குத்தான் நான் டிக்கெட் எடுக்கிறேன். கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடுடையோர், தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் போன்றோருக்கு அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையில் மூளைக் காயம் அடைந்தோரையும் சேர்க்கும்படி தாங்கள் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அட்டையோடு, ‘எனக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது, பேச்சு குழறும், இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று தமிழில் ஒரு சீட்டும் தந்து, காவல் துறைக்கும் பேருந்து நடத்துநர்களுக்கும் அதைத் தெரியப்படுத்தினால் எங்கள் ஆண்கள் தெருவில் அவமானப்பட மாட்டார்கள்.

விபத்து வழக்குகளிலும் எங்களுக்குத் துணை வேண்டும். காயம் ஆறியதும் கிடைத்த தொகைக்கு முடித்துக்கொள்ளச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். நினைவாற்றல் எவ்வளவு போயிருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியவருகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும் என்ற தகவலை மருத்துவமனையிலேயே எழுதி ஒட்டச் செய்ய வேண்டும்.

கடைசியாக, பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி. பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான். வேலைக்கும் போய், அவரையும் கவனித்து, பிள்ளைகளின் பயத்தையும் ஆற்றுகிறோம். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நாங்கள் கூடிப் பேச ஓர் அறையும், அன்று ஒரு மனநல ஆலோசகரும் போதும். இந்த மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் போன வீடுகளில், இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்று சில பெண்கள் சொன்னார்கள்.

மேற்படிச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, உடல்நலம், கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் மறுவாழ்வுச் சேவைகளை அரசும் உள்ளாட்சிகளும் தம் வசதிக்கு உட்பட்டு நடத்த வேண்டும் என்கிறது. அதன்படி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், சுகாதாரப் பணிகள் துறையினர், எங்களில் இரண்டு மூன்று பேர் ஆகியோரை ஒன்றாக அழைத்து ஒரு கூட்டம் நடத்தி, குடியாத்தம் மையத்துக்கு இடம் பார்க்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அழைக்கும் நாளில் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவரும் தங்களிடம் பேச விரும்புகிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
குடும்பத்தார் அனைவருக்காகவும்

இணைப்பு: குடும்பத்தாரின் கையொப்பப் பட்டியல், மருத்துவமனைச் சுருக்கக் குறிப்புகளின் நகல்கள்.