செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: மாகுல் காற்றும் நம் பகுதி மக்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

பொங்கல் விழா, நோட்டுப் புத்தக உதவி, ஞாயிறு தமிழ் வகுப்பு ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன. செயற்குழுவின் உழைப்பைப் பெரிதும் வாங்கிக்கொண்டது மும்பையின் கிழக்குக் கரையிலுள்ள மாகுலின் காற்று மாசு என்பதால், அதையே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

மாகுலை ஒட்டிய டிராம்பே கரையில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் 1950களிலேயே வந்துவிட்டன. 1974-ல் மும்பை ஹை எனும் கடற்பகுதியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட பின், கடற்கிணறுகளின் கச்சா எண்ணெயும் குழாய் வழியே இங்கு வரலாயிற்று. சேமிப்புத் தொட்டிகளை நிரப்பும்போதும் டேங்கர் லாரிகளில் ஏற்றும்போதும் வெளியேறும் ஆவியில், புற்றுநோய் உண்டாக்கும் என்று மருத்துவம் உறுதியாகச் சொல்லும் பென்சீனும் அடங்கும். 2013-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனை இப்பகுதியில் நடத்திய ஆய்வில், மாதத்தில் மூன்று முறைக்கு மேல் மூச்சுத்திணறல் வருவதாக 67.1 விழுக்காட்டினர் கூறினர். மக்கள் உடல்நலத்துக்கு அச்சுறுத்தல் இருப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் ஏற்றது. 2020 ஆகஸ்டில் நான்கு நிறுவனங்கள் மீது மொத்தம் 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மும்பைக்குத் தண்ணீர் கொண்டுவரும் தான்சா குடிநீர்க் குழாயோரம் குடியிருந்த ஏழைகளைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்கள் வேறிடம் செல்ல மாதம் 15,000 ரூபாய் வாடகை வழங்குமாறு மும்பை உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் உத்தரவிட்டது. ஜனதா காலனியிலிருந்து 1976-ல் சீட்டா கேம்ப்புக்கு அகற்றப்பட்ட பெரியவர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். வேருடன் பிடுங்கி நடப்படுவதன் வலியை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாகுலில் ஆளில்லாமல் கிடந்த வீடுகளில் 9,098-ஐத் தன் ஊழியர்களுக்கே தலா சுமார் 12.6 லட்சம் ரூபாய்க்கு விற்க மும்பை மாநகராட்சி 2025 மார்ச்சில் முன்வந்தது. வாங்கலாமா என்று துப்புரவுப் பணியிலுள்ள நம் உறுப்பினர்கள் சங்கத்துக்கு வந்து கேட்டார்கள். சொந்த வீட்டு ஆசை நியாயமானதே. ஆயினும், அந்தக் குடியிருப்பிலேயே காற்றை அளந்து முடிவை வெளியிடாமல் தொழிலாளியிடம் பணம் கேட்பது அநீதி என்பது செயற்குழுவின் ஒருமித்த கருத்து.

நம் வாசகசாலை மேசையில் ஒரு நீளப் பதிவேடு வைத்திருக்கிறோம். நெடி எழும் தேதி, மணி, வீட்டில் யாருக்கு இருமல், யாருக்கு நெபுலைசர் வைக்க நேர்ந்தது என்பதை உறுப்பினர்களே எழுதுகிறார்கள். நள்ளிரவுக்குப் பிந்தைய பதிவுகளே அதிகம். அதன் நகலுடன் புகார் கொடுக்கச் சென்றால், ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டுகிறது. மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்ததிலிருந்து, இவ்வறிக்கை ஆண்டு முழுவதும் நமக்காகக் கேள்வி கேட்கக் கவுன்சிலரும் இருக்கவில்லை. வீட்டுவரிக்கும் பட்டாவுக்கும் வாக்குறுதி தரும் கட்சிக்காரர்கள் காற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை; ஆலை ஒப்பந்த வேலைகளை நம்பி நம் குடும்பங்கள் பல பிழைப்பதால் நாமும் அழுத்திக் கேட்கத் தயங்குகிறோம். வேலையையும் மூச்சையும் எதிரெதிரே நிறுத்தும் இப்பேச்சை நாம் ஏற்கக் கூடாது.

ஆகவே, தேர்தல் வரும்போது வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் தொடர் காற்று அளவீடு, ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை, இழப்பீட்டுத் தொகையின் செலவுக் கணக்கு ஆகியவற்றை எழுத்து மூலம் கோரும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கை அடுத்துப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்